எட்டில் ஒன்று: மோலி ரஸ்ஸலின் மரணமும் பிள்ளைகளின் தற்கொலை அபாயமும்

இந்தக் கட்டுரை ஒரு சிறுமியின் மரணத்தைப் பற்றியது. அவள் எப்படி இறந்தாள் என்ற விவரத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். படிக்கும்போது மனம் கனத்தால் பாதியில் நிறுத்திவிடுங்கள், பக்கத்தில் இருக்கும் யாரிடமாவது பேசுங்கள். உதவி எண்கள் கடைசியில் இருக்கின்றன.

லண்டனின் வடமேற்கில் இருக்கிறது ஹாரோ. 2017 நவம்பர் 20, திங்கட்கிழமை இரவு. 14 வயது மோலி ரஸ்ஸல் வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுத்தாள். மறுநாள் பள்ளிக்கு எடுத்துப் போக வேண்டிய பையைத் தயார் செய்து வைத்தாள். மூன்று பெண் பிள்ளைகளில் அவள் கடைக்குட்டி. காலையில் பெற்றோர் எழுந்தபோது அவள் உயிரோடு இல்லை.

அந்தப் பையைத் தாண்டிப் போக எனக்கு நேரம் பிடித்தது. பள்ளிப் பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும் பேசுவது என் வேலை. "நாளைக்கு ஸ்கூலுக்குப் போகத் தயாராத்தானே இருந்தா, அப்புறம் எப்படி?" என்ற கேள்வியை வேறு வேறு வடிவத்தில் கேட்டிருக்கிறேன். சாக வேண்டும் என்ற எண்ணமும் வாழ வேண்டும் என்ற ஆசையும் ஒரே மனதில், ஒரே நாளில் இருக்க முடியும். ஒன்று வந்தால் மற்றது காலி செய்துவிட்டுப் போவதில்லை. பிள்ளைகளிடம் இந்த ஏற்ற இறக்கம் பெரியவர்களைவிட வேகமானது. உந்துதலைப் பிடித்து நிறுத்தும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடும். நாளைக்கான திட்டம் இருப்பது நல்ல அறிகுறிதான். ஆனால் அதை மட்டும் வைத்து ஆபத்து இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

வெளியே தெரிந்தது

கடைசி ஓராண்டில் மோலியிடம் மாற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் ஒதுங்கினாள், அறையில் தனியாக இருக்கும் நேரம் கூடியது என்று அவளுடைய தந்தை இயன் ரஸ்ஸல் பின்னாளில் விசாரணையில் சொன்னார். ஆனால் குடும்பத்தோடு உட்காரும்போது சந்தோஷமாகவே கலந்துகொண்டாள். இந்த வயதில் இப்படித்தான் இருப்பார்கள் என்று பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள். பள்ளியில் நன்றாக இருந்தாள், மேடைக் கலைகளில் ஆர்வமாக இருந்தாள் என்று மரண விசாரணை அதிகாரியும் பதிவு செய்திருக்கிறார்.

நடந்த பிறகு படிக்கும் நமக்கு "அறையில் தனியாக இருந்தாள்" என்ற வரி பெரிய எழுத்தில் தெரிகிறது. அன்று அது ஒரு கதவு சாத்தப்பட்ட சத்தம், அவ்வளவுதான். பதினான்கு வயதில் கதவைச் சாத்திக்கொள்ளாத பிள்ளை எத்தனை வீட்டில் இருக்கிறது? பெற்றோர் கவனிக்கவில்லை என்று இந்த மரணத்தைப் படிப்பது அநியாயம். அதைவிட முக்கியமாக, அது தவறான பாடத்தைக் கற்றுக்கொடுக்கிறது: உற்றுப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும் என்ற பாடத்தை.

வளரிளம் வயதில் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளிப்படாது. எரிச்சலாக வரும். எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு, ராத்திரி தூக்கமில்லாமை, காலையில் எழுந்திருக்க முடியாமை, காரணம் தெரியாத வயிற்றுவலி, தலைவலி, பிடித்த விளையாட்டு திடீரென்று பிடிக்காமல் போவது. இவை ஒவ்வொன்றுக்கும் வீட்டில் சொல்ல ஒரு சாதாரணக் காரணம் இருக்கும். பரீட்சை நேரம், போன், வயசு. ஒரு நாளைய மாற்றத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அந்த எரிச்சலோ சோர்வோ இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால், தூக்கம், சாப்பாடு, படிப்பு, நண்பர்கள் என்று பல பக்கமும் சேர்ந்து மாறினால், மருத்துவரிடம் கூட்டிப் போக அதுவே போதுமான காரணம். அதற்குத் தற்கொலை எண்ணம் இருந்தாக வேண்டும் என்றில்லை.

போனுக்குள் இருந்தது

மோலி இறந்த பிறகுதான் குடும்பம் அவளுடைய கணக்குகளைத் திறந்து பார்த்தது. அதில் இருந்ததை முழுதாக வெளியே கொண்டுவர ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின.

இறப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் இன்ஸ்டாகிராமில் அவள் சேமித்த, பகிர்ந்த, லைக் போட்ட பதிவுகள் 16,300. அவற்றில் 2,100 மனச்சோர்வு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, தற்கொலை ஆகியவற்றைப் பற்றியவை. இந்த இரண்டு எண்களையும் செய்திகள் திரும்பத் திரும்பச் சொன்னன. வகுத்துப் பார்த்தால்தான் அவை ஒரு பிள்ளையின் நாளாகத் தெரிகின்றன. நாளொன்றுக்குச் சுமார் தொண்ணூறு பதிவுகள். அவற்றில் பதினொன்றோ பன்னிரண்டோ இருட்டானவை. விரலால் தள்ளிவிட்டுப் போனவை இந்தக் கணக்கில் இல்லை.

எட்டில் ஒன்று. அதாவது மீதி ஏழும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த பெரியவர் ஒருவரின் கண்ணில் பெரும்பாலும் அந்த ஏழில் ஒன்றுதான் பட்டிருக்கும். போனை வாங்கிப் புரட்டிப் பார்த்து "ஒண்ணும் இல்லையே" என்று நிம்மதி அடையும் பெற்றோருக்கு நான் இந்தப் பின்னத்தைத்தான் சொல்கிறேன்.

அந்த எட்டில் ஒன்று எப்படி வந்து சேர்ந்தது என்பது இன்னும் முக்கியம். சோகத்தில் இருப்பவர் சோகப் பாட்டுக் கேட்பது இயல்பு. "எனக்கு மட்டும்தான் இப்படி இருக்கிறதா?" என்று தேடுவதும் இயல்பு. தேடும் பிள்ளைக்கு "இல்லை, உன்னைப் போல நூறு பேர் இருக்கிறோம்" என்ற பதில் கிடைத்தால் முதலில் அது ஆறுதலாகத்தான் இருக்கும். பாட்டு முடிந்துவிடும், ஃபீட் முடியாது. அடுத்து எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அல்காரிதத்துக்குச் சோகம் என்றால் என்னவென்று தெரியாது. விரல் எங்கே நின்றது என்று மட்டும் தெரியும். நின்ற இடத்தில் இருந்ததையே இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து கொட்டும். மோலி கேட்காமலேயே சில பதிவுகள் அவளுக்குத் தேர்ந்தெடுத்துத் தரப்பட்டன, படங்களும் வீடியோக்களும் வாசகங்களும் சில வேளைகளில் அடுக்கடுக்காக வந்து விழுந்தன என்று விசாரணை முடிவு சொல்கிறது. படங்களைச் சேமித்துப் பகிரும் தளமான பின்டரெஸ்ட், மனச்சோர்வு தொடர்பாக அவளுக்குப் பிடிக்கக்கூடிய படங்கள் என்று மின்னஞ்சலே அனுப்பியது.

அந்தப் பதிவுகள் என்ன செய்தன என்பதை விசாரணை அதிகாரி நுணுக்கமாகப் பிரித்துச் சொன்னார். சில, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதை அழகானதாகக் காட்டின. சில, அவளுடைய நிலையைச் சாதாரணமானதாக்கின. இன்னும் சில, உதவி செய்யக்கூடியவர்களிடம் பேசவிடாமல் அவளைத் தனிமைப்படுத்தப் பார்த்தன. இந்த மூன்றாவதுதான் என்னை மிகவும் பயமுறுத்துகிறது. "வெளியே இருக்கிறவர்களுக்கு இது புரியாது" என்று அதே வலியில் இருக்கும் ஒருவர் சொல்லும்போது பிள்ளை நம்பிவிடுகிறது. யாரும் இல்லை, நான் எல்லாருக்கும் பாரம், இது மாறவே மாறாது என்ற மூன்று எண்ணங்களைத் தற்கொலை அபாயத்தின் உள்ளே இருப்பவையாக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அந்த மூன்றையும் ஒரு திரை ராத்திரிதோறும் ஆமோதித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

ஆனாலும் மோலி கேட்டாள். பிரபலமானவர்களுக்கு எழுதினாள். பதில் வர வாய்ப்பு மிகக் குறைவு என்பது அவளுக்குத் தெரியவில்லை என்று விசாரணை முடிவில் ஒரு வரி இருக்கிறது. உதவி கேட்காத பிள்ளை என்று இவளைச் சொல்ல முடியாது. பதில் வராத இடத்தில் கேட்டாள்.

விசாரணை

2019 ஜனவரியில் இயன் ரஸ்ஸல் பிபிசியிடம் பேசினார். பிரிட்டன் அதிர்ந்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் கொடூரமான படங்களை இனி அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. 2022 செப்டம்பரில் வடக்கு லண்டன் மரண விசாரணை நீதிமன்றத்தில் விசாரணை அதிகாரி ஆண்ட்ரூ வாக்கர் முன்னிலையில் முழு விசாரணை நடந்தது.

இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்தின் நலவாழ்வுக் கொள்கைத் தலைவர் எலிசபெத் லகோன் அமெரிக்காவிலிருந்து வந்து சாட்சி சொன்னார். மோலி பார்த்த பல பதிவுகளைக் காட்டிக் கேட்டபோது, அவை பாதுகாப்பானவைதான் என்றார். தங்கள் விதியை மீறிய சில பதிவுகளை அவள் பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்டார். வலியில் இருப்பவர்கள் மனம்விட்டுப் பேச இடம் வேண்டும் என்பது அவருடைய வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. வலியைச் சொல்ல ஒரு இடம் வேண்டும்தான். ஆனால் ஒருவர் சொல்லும் வலியை இயந்திரம் எடுத்து ஆயிரம் முறை பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பரிமாறுவது வேறு விஷயம். பின்டரெஸ்டின் ஜட்சன் ஹாஃப்மேன், மோலி பயன்படுத்திய காலத்தில் தங்கள் தளம் பாதுகாப்பாக இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

குழந்தை மனநல மருத்துவர் நவீன் வேணுகோபால் அந்தப் பதிவுகளைப் பார்த்துவிட்டுச் சில வாரங்கள் சரியாகத் தூங்க முடியவில்லை என்றார். இதையே தொழிலாகக் கொண்ட, பயிற்சி பெற்ற ஒரு பெரியவர் சொன்னது இது.

செப்டம்பர் 30 அன்று வாக்கர் முடிவைச் சொன்னார். தற்கொலை என்று பதிவது சரியாக இருக்காது என்றார். மனச்சோர்வாலும் இணைய உள்ளடக்கத்தின் தீய விளைவுகளாலும் பாதிக்கப்பட்டிருந்த நிலையில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட செயலால் மோலி இறந்தாள் என்பதே அவர் பதிவு செய்தது. அவளுடைய மரணத்தில் அந்த உள்ளடக்கத்தின் பங்கு அற்பமானதல்ல என்றும் சொன்னார்.

இரண்டையும் சேர்த்துச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். மறுநாள் பல தலைப்புச் செய்திகளில் சமூக ஊடகம் முன்னால் வந்து நின்றது, மனச்சோர்வு பின்னால் போய்விட்டது. நம் ஊரிலும் இதே பழக்கம் உண்டு. "மார்க் குறைந்ததால் மாணவி தற்கொலை", "போன் வாங்கித் தராததால் சிறுவன் தற்கொலை" என்று ஒரு காரணத்தை ஒரு மரணத்தோடு முடிச்சுப் போட்டு அச்சடிக்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். இவர்களில் யாருக்கும் ஒற்றைக் காரணம் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. மார்க்கும் போனும் கடைசியாக விழுந்த கல். அதற்கு முன்னால் சிகிச்சை இல்லாத மனச்சோர்வு, அடி, கேலி, பாலியல் தொல்லை, வீட்டில் ஒரு சாவு, முன்பு ஒரு முயற்சி என்று ஏதேதோ இருந்திருக்கும். இப்படி அச்சடிப்பதால், அதே மார்க் வாங்கிய இன்னொரு பிள்ளை தன் கதை எங்கே போய் முடியும் என்று அதில் படித்துவிடுகிறது.

மதிப்பெண் போட்டு அளக்க முடியாது

"எந்தப் பிள்ளைக்கு ஆபத்து என்று முன்கூட்டியே சொல்ல ஒரு பட்டியல் கொடுங்கள்" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான ஆசை. ஆனால் ஐம்பது ஆண்டு ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த ஒரு பெரிய அலசல் 2017-ல் வந்தது. 365 ஆய்வுகள். நமக்குத் தெரிந்த ஆபத்துக் காரணிகளை வைத்து யார் தற்கொலைக்கு முயல்வார் என்று கணிப்பது, காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று அது சொன்னது.

மோலியின் விசாரணை நடந்த அதே 2022 செப்டம்பரில், இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் ஒரு புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. தன்னைக் காயப்படுத்திக்கொண்டு வருகிறவர்களிடம், இனி என்ன நடக்கும் என்று கணிக்க மதிப்பெண் அட்டைகளைப் பயன்படுத்தாதீர்கள், குறைந்த ஆபத்து, நடுத்தரம், அதிகம் என்று பிரித்து அதை வைத்து யாருக்குச் சிகிச்சை என்று முடிவு செய்யாதீர்கள் என்றது. அந்த மனிதருக்கு என்ன தேவை, எது அவரைப் பாதுகாக்கும் என்று உட்கார்ந்து பேசுங்கள் என்றது.

மோலியை எந்த மதிப்பெண் அட்டையில் வைத்திருந்தாலும் அவள் "குறைந்த ஆபத்து" கட்டத்தில்தான் விழுந்திருப்பாள் என்று நினைக்கிறேன். நல்ல குடும்பம், நல்ல பள்ளி, மேடை ஆர்வம். உள்ளே இருந்ததைச் சொல்லக்கூடியவர் அவள் ஒருத்திதான்.

அப்படியென்றால் ஆபத்துக் காரணிகளைத் தெரிந்துகொள்வதே வீணா? இல்லை. முன்பு ஒரு முறை முயன்ற பிள்ளையை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும், அது எல்லாவற்றுக்கும் மேல். கேலிக்கு ஆளாகும் பிள்ளை, வீட்டில் வன்முறை பார்க்கும் பிள்ளை, தன் பாலின அடையாளத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளை, அண்மையில் நெருங்கியவரைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த பிள்ளை, இவர்களிடம் சீக்கிரமே போய்ப் பேச வேண்டும். ஆனால் பட்டியலில் இல்லாத பிள்ளையிடம் பேசாமல் இருக்க அந்தப் பட்டியல் ஒரு காரணமாகிவிடக் கூடாது.

கேட்பது

நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் கிட்டத்தட்ட எல்லாப் பெற்றோருக்கும் இருக்கிறது. ஆரம்பத்தில் எனக்கும் இருந்தது. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் நியூயார்க் மாநிலத்தின் ஆறு மேல்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பாதியிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள், இன்னொரு பாதியிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களிடம் கலக்கமும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டதே கொஞ்சம் இளைப்பாறுதலாக இருந்ததாகத் தெரிந்தது.

சரி, தமிழில் எப்படிக் கேட்பது? மருத்துவ மொழியில் கேட்டால் பிள்ளை சுருங்கிவிடும். நான் பெற்றோருக்குச் சொல்லித் தருவது இப்படி: வண்டியில் போகும்போதோ, சேர்ந்து காய் நறுக்கும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காத ஒரு நேரத்தில், "ரெண்டு வாரமா நீ நீயா இல்ல கண்ணு. மனசு ரொம்பப் பாரமா இருக்கும்போது செத்துப்போயிட்டா நல்லாருக்கும்னு சிலருக்குத் தோணும். உனக்கு அப்படித் தோணியிருக்கா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனம் நீளமாக இருக்கும். அதை நிரப்ப வேண்டாம். "இல்லை" என்று வந்தால், என்றைக்காவது தோன்றினால் என்னிடம் சொல்லலாம் என்று சொல்லி வையுங்கள். சில நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

"ஆமா" என்று பதில் வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பலர் கேட்காமலே விடுகிறார்கள். முதலில் வாயில் வருபவை எல்லாம் பயத்தில் வருபவை. "அப்படியெல்லாம் பேசக் கூடாது", "உனக்கு என்ன குறை வச்சோம்", "எங்களைப் பத்தி நினைச்சியா". இவற்றைச் சொல்வது அன்பினால்தான், எனக்குத் தெரியும். ஆனால் நான் எல்லாருக்கும் பாரம் என்று ஏற்கெனவே நினைக்கும் பிள்ளையின் தலையில் இவை இன்னொரு கல்லை ஏற்றுகின்றன. "சொன்னதுக்கு ரொம்ப நன்றிடா. நான் உன்கூடவே இருக்கேன்" என்பது போதும். எவ்வளவு நாளாக, எப்போதெல்லாம், ஏதாவது செய்ய யோசித்தாயா என்று மெதுவாகக் கேளுங்கள். எப்படி என்று ஒரு திட்டமோ, இன்றைக்கே என்ற அவசரமோ தெரிந்தால் அந்த நிமிடம் முதல் பிள்ளையைத் தனியாக விட வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அந்த அளவுக்கு இல்லையென்றாலும் அதே வாரத்தில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்துகள் உட்பட ஆபத்தான பொருட்களைக் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். உச்சத்தில் இருக்கும் உந்துதல் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியும், அந்த நேரத்தைக் கடக்க வைப்பதே உயிரைக் காப்பாற்றும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைக்கும் குடும்பங்களும் உண்டு. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சை தர வேண்டிய கடமை அரசுக்கு உண்டு. இலங்கையில் 1998-லேயே தற்கொலை முயற்சி குற்றம் என்ற நிலை நீக்கப்பட்டுவிட்டது.

போனைப் பிடுங்குவதா என்று கேட்பவர்களுக்கு: ராத்திரி போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், பெரியவர்களுடையதும் சேர்த்து. அதற்கு மேல் முழுதாகப் பிடுங்கினால் பிள்ளை இன்னொரு கணக்கைத் திறக்கும், உங்களுக்குத் தெரியாது. "இப்பல்லாம் அது உனக்கு என்ன காட்டுது?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அது என்ன காட்டுகிறது என்ற கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை, அதனால் பிள்ளை பதில் சொல்லும். பிரிட்டனில் 2023-ல் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகளைப் பாதுகாக்கும் கடமைகள் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. மோலியின் குடும்பமும் அவள் பெயரில் தொடங்கிய அறக்கட்டளையும் அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள், இன்னும் போதாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மோலியின் விசாரணை முடிவு வந்து பத்து நாளில், 2022 அக்டோபர் 10 அன்று, இந்தியாவில் டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவை தொடங்கியது. எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளைகளுக்கு 1098. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா: 044-24640050. இலங்கையில் 1926. பிள்ளை பேசத் தயங்கினால், என்ன செய்வது என்று கேட்க நீங்களே முதலில் கூப்பிடலாம்.